அரியலூர் ஸ்டேஷனுக்கு இரண்டாம் பரிசு

அரியலூரில் ரயில்வே கேட் மூடிவிட்டால் யார் வாயிலும் நல்ல வார்த்தை வராது. சிமெண்ட் லாரிக்காரர் ஹாரனை அமுக்கிப் பிடிப்பார். பஸ்ஸுக்குள் இருப்பவர் கேட் கீப்பரின் வம்சத்தையே விசாரிப்பார். அவசரக்காரர்கள் தடுப்புக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்து இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள் மட்டும் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் பிடித்தவர் போல நிம்மதியாக நின்றுகொண்டிருப்பார். ஸ்டேஷன் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் அமிர்தலிங்கம்தான் அவர்.

ரயில் என்றால் அவருக்கு உயிர். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. இவ்வளவுக்கும் ரயிலில் அதிகம் போனவரும் இல்லை. திருச்சிக்குப் போவதென்றாலும் பஸ்தான். ரயிலுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டால் ரயிலைப் பார்க்க முடியாது என்பது அவர் கட்சி. கருகிப்போன பம்பு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு சுற்றுப்பட்டு விவசாயிகள் அவரிடம்தான் வருவார்கள், வேலை சுத்தம் என்பதால். ஆனால் தூரத்தில் இன்ஜின் சத்தம் கேட்டால் போதும், பாதி சுற்றிய கம்பியை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார். வரதராஜன்பேட்டைக்காரர் ஒருவர், மோட்டார் எப்போது கிடைக்கும் என்று கேட்டால் வைகை எக்ஸ்பிரஸ் எப்போது வரும் என்று பதில் சொல்கிறார் என்று ஊரெல்லாம் புகார் சொல்லித் திரிந்தார்.

இந்த ரயில் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க அரியலூரில் ஒருவரும் இல்லை என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே குறை. வீட்டிலும் அதே கதைதான். மனைவி கலியம்மாள் எறையூர்க்காரி. கரும்பும் சர்க்கரை ஆலையும் உள்ள ஊர். அந்தப் பக்கமே ரயில் கிடையாது, பெரம்பலூர் டவுனுக்கே இல்லை. அவளுக்குத் தெரிந்த வண்டியெல்லாம் அவள் அப்பாவின் கரும்பு டிராக்டர் ஒன்றுதான். ரயில் ஒரே தடத்தில் போகிறது, ஒரே தடத்தில் வருகிறது, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பாள். அதற்கு அமிர்தலிங்கத்திடம் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதிலை ஆரம்பித்தால் முடிக்க ஒரு மணி நேரம் ஆகும் என்று தெரிந்து அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இரண்டாயிரத்து இரண்டில் அவர் கடைக்குப் பக்கத்தில் தென்றல் என்ற பெண் பிரவுசிங் சென்டர் திறந்தாள். பரீட்சை முடிவு வரும் நாட்களில் நிற்க இடம் இருக்காது, மற்ற நாட்களில் ஈ ஓட்டுவாள். அவளுடைய ஸ்டெபிலைசரை அமிர்தலிங்கம் சரி செய்து கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். சும்மா விட மனமில்லாமல் அவரைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, உங்களுக்கு என்ன அண்ணே பார்க்கணும் என்று கேட்டாள். வேறு என்ன கேட்பார்? ரயில் என்றார்.

அப்படிக் கிடைத்ததுதான் அந்தக் கூட்டம். உலகத்தில் எங்கெங்கோ இருந்த ஆட்கள், வீட்டு மாடியிலும் கார் ஷெட்டிலும் சின்னதாகத் தண்டவாளம் போட்டு, ஸ்டேஷன் கட்டி, கையளவு இன்ஜினை ஓடவிட்டு, அதைப் பற்றி வருஷம் முழுக்க இன்டர்நெட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி வாக்கில் ஒரு சனி ஞாயிறு இதற்கென்றே மாநாடு. யாரும் எங்கும் போக வேண்டாம், அவரவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் போதும். மாநாடு என்றதும் கலியம்மாள், வேன் வருமா, சாப்பாட்டுப் பொட்டலம் தருவார்களா என்று கேட்டாள். இரண்டும் இல்லை என்று தெரிந்ததும் அதெல்லாம் ஒரு மாநாடா என்று முடித்துவிட்டாள்.

முதல் மாநாட்டிலேயே வினை வந்தது. ஆரம்பத்தில் ஒவ்வொருவராக, தன் வீட்டில் இருக்கும் மாடல் ரயில் எது என்று சொல்ல வேண்டும். ஒருவர் மலைப்பாதை என்றார், ஒருவர் துறைமுகம் என்றார். அமிர்தலிங்கத்தின் முறை வந்தது. இவரிடம் இருந்ததோ ஒரு சைக்கிளும் மூன்று காயில் மிஷினும்தான். இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே நிற்க அவருக்கு மனசு வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து, ரயிலைப் பற்றிப் பேசினால் எழுந்து போகாத மனிதர்கள் கிடைத்திருக்கிறார்கள். என்னிடமும் இருக்கிறது, அரியலூர் ஸ்டேஷன், வீட்டிலேயே கட்டி வைத்திருக்கிறேன் என்று போடச் சொன்னார். அவருக்காக இங்கிலீஷில் அடித்துக்கொண்டிருந்த தென்றல் கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

“கட்டிட்டாப் போவுது. அது என்ன பெரிய விஷயமா?” என்றார் அமிர்தலிங்கம்.

கட்டவில்லை. நாளைக்கு, அறுவடை முடியட்டும், மழை நிற்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். ஆனால் பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. தினமும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதையே தன் மாடலில் இருப்பதாகச் சொல்வார், தென்றல் அதை இங்கிலீஷில் அடிப்பாள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய கூட்ஸ் மூன்றாவது லைனில் நிற்கிறது. தண்ணீர்க் குழாய்க்குக் கீழே பாசி பிடித்திருக்கிறது. சிமெண்ட் பெஞ்சில் ஒருவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார். கொய்யாப்பழக் கூடைக்காரி ரத்தினம்மாள் வேப்பமரத்தடியில் இருக்கிறார். பாசியைக்கூட மாடலில் வைத்திருக்கிறாரே என்று வெளிநாட்டுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். அமிர்தலிங்கத்துக்கு உள்ளூர உறுத்தத்தான் செய்தது. ஆனால் அந்தப் பாராட்டைக் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது உறுத்தல் ரயில்வே கேட்டோடு நின்றுவிடும்.

புகைப்படம் எங்கே என்று இரண்டு வருஷம் கேட்டுப் பார்த்தார்கள். கேமரா இல்லை, கேமரா கெட்டுவிட்டது, கேமராவைக் கொழுந்தியாள் கொண்டுபோய்விட்டாள் என்று எல்லாச் சாக்கும் தீர்ந்தது. இரண்டாயிரத்து ஐந்து மாநாட்டில் சிறந்த காட்சிக்கான போட்டி என்றார்கள். இனித் தப்ப முடியாது என்ற நிலையில், தென்றலின் டிஜிட்டல் கேமராவை வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் நடைபாலத்தின் மேலே ஏறினார் அமிர்தலிங்கம். உச்சிவெயில். கீழே ரயில் இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை. பெஞ்சில் வழக்கமாகத் தூங்குபவர் தூங்கினார். ரத்தினம்மாளின் கிடா பிளாட்பாரத்தில் கால் நீட்டிப் படுத்திருந்தது. மேலிருந்து பார்க்க எல்லாம் சின்னச் சின்னதாகத் தெரிந்தது. அமுக்கினார். அரியலூர் ஸ்டேஷனின் அசல் படம், அமிர்தலிங்கம் கட்டிய மாடல் என்ற பெயரில் கடல் கடந்து போயிற்று.

ரிசல்ட் வந்தது. இரண்டாம் பரிசு.

தீர்ப்பு சொன்னவர் இங்கிலாந்தில் யார்க்ஷயர் பக்கத்துக்காரர், கிளிஃபர்ட் என்று பெயர். ரிட்டயர் ஆன மனிதர், மற்றவர்கள் கட்டிய ஸ்டேஷன்களில் குறை கண்டுபிடிப்பதையே முழுநேர வேலையாகச் செய்துகொண்டிருந்தார். அரியலூருக்கு ஏன் முதல் பரிசு இல்லை என்பதற்கு அவர் காரணங்களை எழுதியிருந்தார். சுவரின் ரோஸ் நிறம் நம்பும்படி இல்லை, எந்த ரயில்வே நிர்வாகமும் அப்படி ஒரு நிறத்தை அடிக்காது. குப்பையைக் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டார். பெஞ்சில் தூங்கும் மனிதரின் கால் இருக்கும் கோணத்தில் மனிதரால் தூங்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஆடு, ஸ்டேஷனின் அளவுக்குப் பொருந்தாமல் மிகப் பெரிதாக இருக்கிறது. அசலைப் போல இருக்கும் போட்டியில் அசல் அரியலூர் ஸ்டேஷன் தோற்றுப்போனது இப்படித்தான்.

தென்றல் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அமிர்தலிங்கத்துக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் ஆட்டைச் சொன்னது மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை. அது கருப்புசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா. அதனால் யாரும் அதை விரட்டுவதில்லை, தின்னக் கொடுக்காதவர்களும் இல்லை. கொய்யாப்பழத்திலிருந்து பயணிகளின் இட்லி வரைக்கும் தின்று தின்று கன்றுக்குட்டி மாதிரி ஆகியிருந்தது. பெரிதாகத்தான் இருக்கும், அதற்கு அவர் என்ன செய்வார்? இதை எழுதிவிடலாமா என்று ஒரு நிமிஷம் வாய் வரைக்கும் வந்துவிட்டது. எழுதினால் எல்லாக் குட்டும் உடைந்துவிடுமே என்று விழுங்கிக்கொண்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பரிசு வாங்கியவர்கள் அடுத்த வருஷ மாநாட்டில் கேமரா முன்னால் தங்கள் மாடலை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று கடிதத்தின் கடைசியில் இருந்தது.

அமிர்தலிங்கம் ஒரு வாரம் பிரவுசிங் சென்டர் பக்கமே போகவில்லை. ரயில் சத்தம் கேட்டும் வாசலுக்கு வரவில்லை. வரதராஜன்பேட்டைக்காரரின் மோட்டார் சொன்ன தேதிக்கு முன்பே தயாராகிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் கலியம்மாளுக்குப் பயம் வந்தது. சாப்பிட உட்கார்ந்தவரைப் பிடித்து உலுக்கிக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னார். காட்டவில்லை என்றால் பொய்யன் என்று தெரிந்துவிடும், பிறகு அந்தக் கூட்டத்தில் முகம் காட்ட முடியாது, தனக்கென்று பேச உலகத்தில் வேறு யாரும் இல்லை என்றார். கலியம்மாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே யோசித்தாள்.

“இல்லாத ஸ்டேஷன இருக்குன்னு சொன்னீங்க, அவ்ளோதான? எங்க பெரம்பலூர்ல எலெக்ஷனுக்கு எலெக்ஷன் ரயில் வந்துட்டுன்னு அதத்தான சொல்றாங்க. அவங்கள்லாம் நல்லாத்தான் இருக்காங்க. சாப்புடுங்க. கட்டிப்புடுவோம்.”

கட்டினார்கள். உடையார்பாளையத்துப் பூர்வீக வீட்டிலிருந்து ஒரு பழைய கதவைக் கழற்றி வந்து, தங்கள் வீட்டில் முந்திரி மூட்டை அடுக்கும் அறையில் நான்கு மூட்டைமேல் கிடத்தினார்கள். அதுதான் அரியலூர். தண்டவாளமும் இன்ஜினும் மெட்ராஸிலிருந்து பார்சலில் வந்தன. இன்ஜின் ஒரு வெண்டைக்காய் நீளம்தான். அதற்குள் இருந்த மோட்டாரைப் பார்த்ததும் அமிர்தலிங்கத்துக்குக் கை துறுதுறுத்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றி, தன் கையால் காயில் கட்டி மாட்டிய பிறகுதான் தூக்கம் வந்தது.

ரயில் சம்பந்தமான எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. மற்றது எதுவும் தெரியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பாசி வரைக்கும் வர்ணித்தவர்தான், ஆனால் இத்தனை வருஷம் பார்த்த பிளாட்பாரத்தில் குழாய் எந்தப் பக்கம், பெஞ்சில் எது உடைந்தது என்று கேட்டால் முழித்தார். கலியம்மாள் வருஷத்துக்கு நாலு தடவை ஸ்டேஷன் வழியாகப் போனவள். கூடையை ரத்தினம்மாள் இடுப்புக்கு வலப்பக்கம் வைப்பார், டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னால் நாமம் போட்ட படம் மாட்டியிருப்பார், வேப்பமரத்தில் யாரோ சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள் என்று அடுக்கினாள். தீக்குச்சியில் துணி சுற்றி மனிதர்களைச் செய்தாள். விளக்குமாற்று நுனியில் மரம் செய்தாள். ஆட்டை முதலில் கொட்டை எடுத்த புளியில் உருட்டினாள், அழகாக வந்தது. மறுநாள் காலையில் எறும்புகள் அதைப் பாதி தின்றுவிட்டு, மீதியை மூன்றாவது லைன் வழியாக இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. பிறகு பைப் ஒழுகலுக்குப் பூசும் பசையில் செய்தாள்.

அந்த ஆட்டின் அளவில்தான் இருவருக்கும் சண்டை. கிளிஃபர்ட் சொன்னபடி சின்னதாகச் செய்துவிட்டால் ஒரு குறையாவது குறையும் என்பது அமிர்தலிங்கத்தின் எண்ணம். கலியம்மாள் ஒரே வார்த்தையாக மறுத்துவிட்டாள்.

“சாமிக்கு நேர்ந்த கெடாவ வெள்ளக்காரன் சொன்னான்னு எளைக்க வெக்கிறதா? நான் செய்ய மாட்டேன். நீங்களும் செய்யக் கூடாது.”

ஆடு பெரிதாகவே நின்றது.

மாநாட்டு நாள் வந்தது. அதே தெருவில் சுமை ஏற்றும் தர்மனின் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் கதவைப் படுக்கவைத்து, பெட்ஷீட் போர்த்தி, இருபுறமும் பிடித்துக்கொண்டு ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். வழியில் பார்த்த இரண்டு பேர் யார் செத்தது என்று கேட்டார்கள். பிரவுசிங் சென்டரில் தென்றல் தட்டிகளைக் கழற்றி இடம் பண்ணி வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் தலையில் ஒற்றைக் கண் கேமரா உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு அங்கே யார்க்ஷயரில் மத்தியானமாம். திரையில் ஒவ்வொருவராக வந்து வணக்கம் போட்டார்கள். கிளிஃபர்டும் வந்துவிட்டார். அமிர்தலிங்கத்துக்குச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

ஸ்விட்சைப் போடப் போகிற நேரத்தில், கொஞ்சம் பொறுங்க என்று கலியம்மாள் கூடையைத் திறந்தாள். தேங்காய், சூடம், குங்குமம், நாலு எலுமிச்சம்பழம்.

புது வண்டியை எடுக்கும்போது சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து நசுக்காமல் யாராவது ஓட்டுவார்களா? அவள் அப்பாவின் டிராக்டருக்கு வைத்தார்கள், அக்காள் மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளுக்கு வைத்தார்கள். அவளுக்கு அதில் கேள்வியே இல்லை. அமிர்தலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு, கேமரா ஓடுகிறது என்று காதோடு சொன்னார். ஓடட்டும், இது முதல் ஓட்டம் என்றாள். குங்குமப் பொட்டு வைத்ததில் இன்ஜினின் முகம் முழுக்கச் சிவந்துவிட்டது. இருந்ததில் சின்ன பழமாகப் பார்த்துத் தண்டவாளத்தில் வைத்தாள். அது இன்ஜினைவிட உயரமாக இருந்தது. சூடம் காட்டினாள். இனி அவளோடு வாதாடினால் உலகமே பார்க்கும் என்று அமிர்தலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டார்.

அவர் கட்டிய காயில் அல்லவா, இன்ஜின் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. எலுமிச்சம்பழம் உருண்டு பிளாட்பாரத்தில் ஏறி, டீக்கடையைச் சாய்த்து, ரயிலுக்குக் காத்திருந்த பயணிகளையெல்லாம் படுக்க வைத்துவிட்டு வேப்பமரத்தில் முட்டி நின்றது. இன்ஜின் தடம் புரண்டு மல்லாந்து, சக்கரத்தை மட்டும் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. கிடா மட்டும் அசையவில்லை.

திரையில் கேள்விகள் வந்து விழுந்தன. மண்சரிவா என்றார் ஒருவர். அந்த மஞ்சள் பாறை என்ன வகைத் தாது என்று கேட்டார் இன்னொருவர். அமிர்தலிங்கம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தென்றல்தான் சுதாரித்துக்கொண்டு, இது இங்கே புது வண்டிக்குச் செய்கிற வழக்கம், அது எலுமிச்சம்பழம் என்று விவரமாக அடித்தாள். பிறகு கிளிஃபர்டிடமிருந்து ஒரு வரி வந்தது. வழக்கம் புரிகிறது, மதிக்கிறேன், ஆனால் பழம் வண்டியின் அளவுக்குப் பொருந்தவில்லை.

என்ன சொல்கிறான் என்று கலியம்மாள் கேட்டாள். தென்றல் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கலியம்மாளுக்குக் கோபம் வரும் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவள் இன்ஜினைப் பார்த்தாள், பழத்தைப் பார்த்தாள்.

“அவன் சொல்றது நாயந்தான். வண்டி இத்தினியூண்டு. பழமும் அதுக்குத் தக்கனதான இருக்கணும்? எனக்குத் தோணாமப் போச்சே.”

சொல்லிவிட்டு எதிரே இருந்த மளிகைக் கடைக்குப் போனாள். கையில் சின்னப் பொட்டலத்தோடு திரும்பி வந்தாள். கசகசா. அமிர்தலிங்கம் இன்ஜினை நிமிர்த்தித் தடத்தில் வைத்து, வேகத்தைக் குறைத்தார். அவள் கசகசாவில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நாக்கில் விரலைத் தொட்டு, சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் ஒட்டவைத்தாள். சாய்ந்த பயணிகளை நிமிர்த்தினாள். ரத்தினம்மாளின் கூடையை வலப்பக்கம் திருப்பினாள். மறுபடியும் புதுச் சூடம் ஏற்றிக் கதவின் ஓரத்தில் வைத்தாள். ஸ்விட்சைப் போட்டதும் இன்ஜின் கசகசாவை நசுக்கிக்கொண்டு மெதுவாகக் கிளம்பி, ரத்தினம்மாளைத் தாண்டி, கிடாவைத் தாண்டி, கூட்ஸைத் தாண்டி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அரியலூரில் ரயில் வந்து போவதை அவர் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறார், அவர் ஓட்டி ஒரு ரயில் போனது அன்றைக்குத்தான்.

திரை பாராட்டால் நிறைந்தது. பழம் என்று பார்த்தால் இந்த விதை கொஞ்சம் பெரிதுதான், இருந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்றார் கிளிஃபர்ட். தப்பித்தோம் என்று தென்றல் மூச்சு விட்ட நேரத்தில் அவரே மறுபடி ஒரு கேள்வி போட்டார். இது போன வருஷப் படத்தில் இருந்த ஆடு இல்லை. அதன் இடது காது மடிந்திருந்தது. அந்த ஆடு எங்கே?

தென்றல் குரலைத் தாழ்த்தினாள். “ஆட்ட மாத்திட்டோம்னு போட்டுட்டா முடிஞ்சிடும்ண்ணே. இவங்களுக்கு என்னா தெரியப் போவுது?”

அதுதான் சுலபம். அமிர்தலிங்கமும் சரி என்று சொல்ல வாயெடுத்தார். கதவின் ஓரத்தில் சூடம் நின்று எரிந்துகொண்டிருந்தது. எரிகிற சூடத்துக்கு முன்னால் ஒன்றைச் சொன்னால் அது சத்தியம். வெளிநாட்டுக்காரர்களுக்கு அது தெரியாது, இவருக்குத் தெரியுமே. கலியம்மாளைப் பார்த்தார். அவளும் சூடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஊதி அணைக்கவும் இல்லை. அணையட்டும் என்று காத்திருக்கலாம்தான். ஆனால் நல்ல சூடம், பாவி மகள் பெரிய கட்டியாக வைத்திருந்தாள்.

“போன வருசத்து ஆடு நெஜ ஆடுன்னு போடும்மா. ஸ்டேஷனும் நெஜ ஸ்டேஷன். அப்ப எங்கிட்ட மாடலே கெடையாது. வந்த மொத நாளே பொய் சொல்லிட்டேன். பேச்சுத்தொணைக்கு ஆள் இல்லாம சொன்னேன்னு போடு.”

தென்றல் அடித்தாள். அதன் பிறகு திரையில் ஒரு எழுத்தும் வரவில்லை. கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள் என்றே அமிர்தலிங்கம் நினைத்தார். பயமாகத்தான் இருந்தது, ஆனால் நான்கு வருஷமாகத் தூக்கிச் சுமந்த மோட்டாரை இறக்கி வைத்த மாதிரி தோளும் லேசாகியிருந்தது. பெட்ஷீட்டை எடுத்துக் கதவைப் போர்த்தப் போனார்.

அப்போது கிளிஃபர்டின் பதில் வந்தது. தென்றல் அதைப் படித்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு தமிழில் சொன்னாள். அப்படியானால் நான் உயிருள்ள ஓர் ஆட்டுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். விதிப்படி உங்கள் இரண்டாம் பரிசைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். ஆட்டைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை, அது மிகப் பெரிய ஆடு. இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவராக உங்களைப் பதிவு செய்துகொள்கிறேன், வரவேற்கிறேன்.

அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் வந்தார்கள். ஒருவரும் எழுந்து போயிருக்கவில்லை. அந்தப் பாசி நிஜமா, பெஞ்சில் தூங்குபவர் நிஜமா, அந்த ரோஸ் நிறத்தை யார் அடித்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அமிர்தலிங்கம் சொல்லச் சொல்லத் தென்றலுக்கு விரல் வலித்துவிட்டது. கலியம்மாள் உடைத்த தேங்காயை ஆளுக்கொரு சில்லாகக் கொடுத்தாள்.

மறு வருஷம், இரண்டாயிரத்து ஏழு மாநாட்டுக்குக் கலியம்மாளும் தானாகவே கிளம்பி வந்தாள். வேனும் இல்லை, பொட்டலமும் இல்லை என்று தெரிந்துதான் வந்தாள். அன்றைக்குப் புது இன்ஜின் விட்டவர்கள் எல்லாரும் படம் போட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஒருவர், கனடாவில் ஒருவர், ஜெர்மனியில் அப்பனும் மகளும். தென்றல் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிக் காட்டினாள். எல்லாருடைய சக்கரத்துக்கு முன்னாலும் தண்டவாளத்தில் கசகசா ஒட்டியிருந்தது. அமிர்தலிங்கம் முதல் படத்திலிருந்து மறுபடி காட்டச் சொன்னார். கலியம்மாள் மட்டும் ஒருவரும் பொட்டு வைக்கவில்லையே என்று குறைபட்டுக்கொண்டாள்.

கடைசியாகக் கிளிஃபர்டின் படம் வந்தது. யார்க்ஷயரில் அவர் கட்டிய ஸ்டேஷன். கருங்கல் சுவர், ஓடு வேய்ந்த கூரை, கழுவிவிட்டதுபோல் சுத்தமான பிளாட்பாரம், ஒரு சருகு கிடையாது. அந்தப் பிளாட்பாரத்தின் நடுவில் கால் நீட்டிப் படுத்திருந்தது ஒரு கிடா. இடது காது மடிந்திருந்தது. கீழே ஒரு வரி எழுதியிருந்தார், அரியலூர் அம்மையாரின் கருத்தை அறிய விரும்புகிறேன் என்று.

தென்றல் விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். கலியம்மாள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் குனிந்து, அவசரமே இல்லாமல் பார்த்தாள்.

“ஆடு கொஞ்சம் சின்னதா இருக்குன்னு போடு.”